வீட்டு வாசலில் நீர்ப்பறவை: திருகோணமலைக் கரையோரத்தார் கேட்கும் கேள்விகள்

நான் எடுக்கும் பறவைப் படங்களில் முக்கால்வாசி வீட்டை விட்டு நகராமல் எடுத்தவை. அது வெளியே தெரிந்த நாளிலிருந்து கல்யாண வீட்டில், மீன் சந்தையில், போனில் என்று ஒரே சந்தேகங்கள்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. கின்னியா, தம்பலகாமம், நிலாவெளி, மூதூர்ப் பக்கத்து ஆட்கள் கேட்டவற்றை அவர்கள் கேட்ட பேச்சிலேயே இங்கே சேர்த்திருக்கிறேன். லேசானவை முதலில், சிக்கலானவை பின்னால்.

எங்கட பின்வளவு களப்பில போய் முடியுது. ஆனா அங்க நிற்கிறது கொக்கும் காகமும்தானே, இதில என்ன படம்?

ஒரு நாள் காலை கதிரையைப் போட்டு ஒரு மணித்தியாலம் சும்மா இருந்து பாருங்கள். சின்னக் கொக்கு, பெரிய கொக்கு, மடையான், சாம்பல் நாரை, நீர்க்காகம், வெண்மார்பு மீன்கொத்தி, கரும்புள்ளி மீன்கொத்தி, ஆட்காட்டி என்று கணக்கு கூடிக்கொண்டே போகும். கண்டல் மரம் இருந்தால் இன்னும் கூடும்.

எந்தத் தண்ணீர் என்பதைப் பொறுத்து ஆட்கள் மாறுவார்கள். உப்புவெளி, நிலாவெளியில் கடலைப் பார்த்த வீடு என்றால் ஆலாக்கள், கடற்காகங்கள், செம்பருந்து, வெண்வயிற்றுக் கடற்கழுகு. கரைவலை இழுக்கும் நேரத்தில் கொக்குகளும் வந்து நிற்கும். களப்பும் உப்பளமும் என்றால் நீண்ட கால் உள்ளான்கள், உப்புக்கொத்திகள், மஞ்சள் மூக்கு நாரை. கந்தளாய், தம்பலகாமம் பக்கத்துக் குளக்கரையும் வயலும் என்றால் நீலத் தாழைக்கோழி, இலைக்கோழி, முக்குளிப்பான், நத்தைகுத்தி நாரை, பாம்புத்தாரா, கூழைக்கடா. பூநாரை வருமா என்று பலர் கேட்பார்கள். அதற்குப் பெயர் போன இடம் மன்னார்தான். வாசலில் வந்து நிற்கும் என்று காத்திருக்க வேண்டாம்.

போன் ஒண்டு இருக்கு, போதாதா?

சில படங்களுக்குப் போதும். பறவை சின்னதாகவும் இடம் பெரிதாகவும் இருக்கும் படங்கள் போனுக்கு நன்றாக வரும்: பொழுது சாயும் நேரம் தோணி முனையில் நிற்கும் கொக்கு, வரிசையாகப் போகும் நீர்க்காகங்கள், மீன் வாடிக்குப் பக்கத்தில் பயமில்லாமல் திரியும் பறவைகள். இறகு எண்ணுகிற படம் வராது. விரலால் பெரிதாக்கி எடுத்தால் பறவை பெரிதாகாது, புள்ளிகள்தான் பெரிதாகும்.

வீட்டில் பைனாகுலர் இருந்தால் அதன் ஒரு கண்ணில் போன் லென்ஸை ஒட்டிப் பிடித்து எடுத்துப் பாருங்கள். கை நடுங்காமல் மதிலில் ஊன்றிக்கொண்டால் இது என்ன பறவை என்று கண்டுபிடிக்கிற அளவுக்குப் படம் வரும்.

அப்ப எந்தக் கமரா வாங்க? தூரத்தைக் கிட்ட இழுக்கிற 600 மி.மீ. லென்ஸ் இல்லாம சரிவராது எண்டு சொல்லினமே?

சொல்லுகிறவர்கள் பெரும்பாலும் காட்டுக்குப் போய் ஜீப்பில் இருந்து எடுப்பவர்கள். ஜீப்பில் இருப்பவருக்குப் பறவை நிற்கிற தூரம்தான் தூரம், அதைக் குறைக்க அவரால் முடியாது. வீட்டில் இருப்பவரால் முடியும். எப்படி என்பதை ஆறாவது கேள்வியில் சொல்கிறேன். தூரம் பாதியானால் பறவை படத்தில் நான்கு மடங்கு இடத்தைப் பிடிக்கும். அந்த அளவுக்கு லென்ஸ் வாங்கப் போனால் காணி உறுதியை அடகு வைக்க வேண்டிவரும்.

தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது: லென்ஸ் மாற்றக்கூடிய பழைய டிஎஸ்எல்ஆர் கமரா ஒன்றும் 70–300 மி.மீ. லென்ஸ் ஒன்றும், இரண்டும் பாவித்தவையாக. படத்தைப் பதியும் சென்சர் சிறியதாக உள்ள நிக்கோனில் 300 என்பது 450 மி.மீ. அளவுக்கும் கெனனில் 480 அளவுக்கும் பார்வையைத் தரும். லென்ஸ் மாற்றும் தொல்லை வேண்டாம் என்றால் நிக்கோன் பி 900, பி 950 வகைக் கமராக்கள் உண்டு. 83 மடங்கு, 2000 மி.மீ.க்குச் சமன். பி 1000 அதையும் தாண்டி 125 மடங்கு. நிற்கிற பறவைக்கு இவை அருமை. வெளிச்சம் குறைந்தாலும் பறவை வேகமாகப் பறந்தாலும் திணறும். சிக்மா, டம்ரோன் 150–600 லென்ஸ்களை ஒரு வருடம் கழித்து யோசியுங்கள். அதற்குள் உங்களுக்கு அது வேண்டுமா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

எந்த மாதம் நல்லது?

வலசைப் பறவைகள் செப்டெம்பர், ஒக்டோபரில் வரத் தொடங்கி ஏப்ரல் வரை நிற்கும். மத்திய ஆசிய வான்வழி என்று சொல்லும் பாதையின் தெற்கு முனையில் இருக்கிறோம். இதற்குக் கீழே பறக்க நிலம் இல்லை. ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, கருவால் மூக்கன், பழுப்புத்தலைக் கடற்காகம் எல்லாம் அந்தக் காலத்து விருந்தாளிகள். ஆனால் நவம்பர், டிசம்பரில் எங்களுக்கு மழையும் இருட்டும். களப்பு நிரம்பி வழியும்போது கால் நனைத்து மேயும் பறவைகளுக்கு நிற்க இடமில்லாமல் அவை சிதறிப் போய்விடும். மழை விட்டு, களப்பு கடலோடு சேரும் முகத்துவாரம் வெட்டுப்பட்டு, தண்ணீர் வடிந்து சேறு தெரியும் நாட்களுக்குக் காத்திருங்கள். தை கடைசியிலிருந்து பங்குனி வரை எனக்குப் பிடித்த காலம்.

மே முதல் ஓகஸ்ட் வரை ஒன்றும் இல்லை என்று கமராவைப் பெட்டிக்குள் வைத்துவிடாதீர்கள். கச்சான் காற்றில் சின்னக் குளங்கள் வற்ற வற்ற உள்ளூர்ப் பறவைகள் எல்லாம் மிஞ்சிய தண்ணீரில் நெருக்கி நிற்கும். மீன் அகப்படுவதும் அப்போதுதான் லேசு.

காலையில எடுக்கவா, பின்னேரம் எடுக்கவா?

எல்லாரும் "காலை" என்று ஒரே பதில் சொல்வார்கள். கரையோர வீட்டில் அது வாசல் எந்தத் திசை என்பதைப் பொறுத்தது. கிழக்கே கடலைப் பார்த்த நிலாவெளி, உப்புவெளி வீட்டில் காலைச் சூரியன் பறவைக்குப் பின்னால் நிற்கும். பறவை கறுப்பு நிழலாக வரும். நிழற்படம்தான் வேண்டும் என்றால் நல்லது. இறகு நிறம் வேண்டும் என்றால் பின்னேரம் 4 மணிக்குப் பிறகு கதிரையைப் போடுங்கள். கின்னியாவில் தம்பலகாம விரிகுடாவை மேற்கே பார்த்த வீடுகளுக்கு நேர் எதிர்: காலை 6 மணியிலிருந்து 8.30 வரை சூரியன் உங்கள் முதுகில், பின்னேரம் கண்ணில். நிலாவெளியில் முன்னால் கடலும் பின்னால் களப்புமாக இருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். காலையில் களப்பு, பின்னேரம் கடல். மூதூரில் கொட்டியார் விரிகுடாவை வடக்கே பார்த்தவர்களுக்கு இரண்டு வேளையும் பக்கவாட்டு வெளிச்சம். இறகின் மடிப்பெல்லாம் தெரியும், அதுவும் நல்லதுதான்.

இதோடு காற்றையும் பாருங்கள். பறவை காற்றை எதிர்த்துத்தான் நிற்கும், காற்றை எதிர்த்துத்தான் கிளம்பும். கச்சான் மேற்கிலிருந்து அடிக்கும்போது கிழக்குக் கரையில் நிற்கும் ஆலாக்கள் நிலத்தைப் பார்த்து, அதாவது உங்களைப் பார்த்து நிற்கும். பறந்தால் முகம் காட்டிப் பறக்கும். கடல் பக்கமிருந்து வாடை அடித்தால் உங்களுக்கு வாலும் முதுகும்தான். ஆக, கடலைப் பார்த்த வீட்டுக்குக் கச்சான் காலத்துப் பின்னேரம்தான் பொன்னான நேரம். புழுதி பறக்கும், கண் எரியும், ஆனாலும் வெளியே வாருங்கள்.

வற்றுப்பெருக்கு பற்றியும் கேட்பார்கள். இங்கே பெருக்குக்கும் வற்றுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீற்றருக்கும் குறைவு. ஆழமான கரையில் அது பெரிதாகத் தெரியாது. சேற்றுக் கரை தட்டையாக இருந்தால் அந்தக் கொஞ்சமும் பல அடி சேற்றைத் திறந்துவிடும். அப்போது உள்ளான்கள் இறங்கும்.

நான் வாசலுக்கு வந்தாலே பறந்திடுது. கிட்டப் போறது எப்பிடி?

கிட்டப் போகாதீர்கள். அதைக் கிட்ட வரவிடுங்கள். காட்டுக்குப் போகிறவருக்கு இல்லாத வசதி உங்களுக்கு இருக்கிறது: நீங்கள் தினமும் அங்கேயே இருக்கிறீர்கள். வலை பொத்துகிற மனிதரிடமிருந்து நாலு பாகத்தில், அதாவது ஏறக்குறைய ஏழு மீற்றரில், கொக்கு நின்று மேய்வதைப் பார்த்திருப்பீர்கள். அவர் அதைப் பார்ப்பதில்லை, அதை நோக்கி நடப்பதில்லை, ஒவ்வொரு நாளும் ஒரே இடத்தில் இருக்கிறார். கமராக்காரர் செய்வது எல்லாம் இதற்கு மறுதலை. நேரே பார்க்கிறார், நேரே நடக்கிறார், கறுப்பாக நீண்ட ஒன்றைத் தூக்கி அதன் பக்கம் நீட்டுகிறார். வேட்டைக்காரன் செய்வதும் அதேதான்.

ஆகவே ஒரே கதிரை, ஒரே இடம், ஒரே நேரம். பறவை வருவதற்கு முன்னமே போய் இருந்துவிட வேண்டும். அது இறங்கிய பிறகு நீங்கள் தோன்றக்கூடாது. வெள்ளைச் சேர்ட் வேண்டாம், பழைய சாரமும் மங்கிய நிறத்து மேலாடையும் போதும். முதல் வாரம் கமராவே இல்லாமல் இருங்கள். பிறகு அதை மடியில் வைத்திருங்கள். அப்புறம் மெதுவாகத் தூக்குங்கள். பிள்ளைகள் வளவுக்குள் ஓடி விளையாடுவது பழக்கப்பட்ட சத்தம் என்றால் அதற்குப் பறவை அசையாது. நாய்தான் பிரச்சினை. அந்த நேரத்துக்கு அதை முன்பக்கம் கட்டிவையுங்கள்.

மறைவு வேண்டும் என்றால் கடையில் விற்கும் கூடாரம் தேவையில்லை. கரைப்பக்கம் கிடுகு வேலி அடைத்து, கதிரையில் இருந்தால் கண் மட்டத்தில் வருமாறு சின்ன ஓட்டையாக ஒரு பொட்டு விடுங்கள். கிடுகு அந்த வளவுக்கே உரியது, பறவைக்கு அது புதிதாகத் தோன்றாது. நீலப் படங்கு கட்டாதீர்கள். காற்றில் படபடத்து இருக்கிற பறவையையும் கலைக்கும்.

பறவைக்குப் பிடிக்கவில்லை என்பதை அது பறக்கும் முன்னமே சொல்லிவிடும். மேய்வதை நிறுத்திக் கழுத்தை நிமிர்த்தும், தலையை மேலும் கீழும் ஆட்டும், உடம்பை ஒடுக்கும், எச்சமிடும். கழுத்து நிமிர்ந்தால் நீங்களும் அசைவை நிறுத்துங்கள். அது திரும்பக் குனிந்து மேய்ந்தால் உங்களை ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம்.

யன்னலுக்குள்ளால எடுக்கலாமா? நுளம்பு வலை வேற அடிச்சிருக்கு.

கண்ணாடிக்குள்ளால் எடுத்தால் படம் மந்தமாக வரும். சரிவாக எடுத்தால் இன்னும் மோசம். யன்னலைத் திறந்து வையுங்கள், அறை விளக்கை அணையுங்கள், லென்ஸை வெளியே நீட்டாமல் ஒரு முழம் உள்ளே இருந்து எடுங்கள். இருட்டு அறைக்குள் இருக்கும் மனிதர் வெளியிலிருக்கும் பறவைக்குத் தெரியாது. வீட்டுக்குள்ளேயே இதைவிடச் சிறந்த மறைவு இல்லை. குசினி யன்னல் கரைப்பக்கம் இருந்தால் குசினிக்காரரிடம் அனுமதி கேளுங்கள்.

வலைக்கு லென்ஸை ஒட்டிப் பிடித்து, அபர்ச்சரை, அதாவது லென்ஸுக்குள் வெளிச்சம் வரும் துவாரத்தை, முழுதாகத் திறந்து எடுத்தால் கம்பிகள் கரைந்து போகும், ஆனால் கூர்மை குறையும். ஒரு யன்னலுக்கு மட்டும் கழற்றி மாட்டும் சட்டம் அடித்துக்கொள்வது நல்லது. கமராவை நிறுத்த முக்காலி தேவையில்லை. பழைய தலையணை உறையில் இரண்டு கிலோ பயறோ அரிசியோ போட்டுத் தைத்து, யன்னல் கட்டில் வைத்து, அதன்மேல் லென்ஸைக் கிடத்துங்கள்.

மேல்மாடியில இருந்து எல்லாம் நல்லாத் தெரியுது. ஆனா படம் ஏன் சப்பெண்டு இருக்கு?

மேலிருந்து பார்த்தால் பறவையின் முதுகும் அதற்குப் பின்னால் கலங்கிய தண்ணீரும்தான் சட்டத்துக்குள் வரும். கீழே இறங்குங்கள். பறவையின் கண் மட்டத்துக்கு லென்ஸ் வந்தால் பின்புறம் தூரத்துக் கண்டலாக, எதிர்க்கரையாக மாறி மங்கிவிடும். பறவை தனித்துத் தெரியும். இறங்குதுறைப் பலகையில் குப்புறப் படுத்து எடுப்பவர்களும் உண்டு. முதலை நடமாட்டம் உள்ள கரையில் மட்டும் அதைச் செய்யாதீர்கள். இருட்டோடு தண்ணீர் விளிம்பில் படுப்பதற்கு எந்தப் படமும் பெறுமதி இல்லை. மேல்மாடி ஒன்றுக்கு நல்லது: கரையோரம் பறந்து போகும் பறவை உங்கள் மட்டத்துக்கே வரும்.

பறக்கிற படம் எல்லாம் கலங்கி வருது. என்ன செட்டிங்?

ஷட்டர் வேகம் போதவில்லை. நிற்கிற பறவைக்கு 1/500 செக்கன், நடந்து மேய்வதற்கு 1/1000, பறப்பதற்கு 1/2000, மீன்கொத்தி பாய்வதற்கு 1/3200 என்று வைத்துக்கொள்ளுங்கள். அபர்ச்சர் எஃப் 5.6 முதல் 8. ஐ.எஸ்.ஓ.வை, அதாவது வெளிச்சத்துக்குக் கமராவின் உணர்திறனை, ஓட்டோவில் விட்டுவிடுங்கள். பலர் ஐ.எஸ்.ஓ. கூடினால் புள்ளி வரும் என்று பயந்து வேகத்தைக் குறைக்கிறார்கள். புள்ளியைக் கணினியில் ஓரளவு துடைக்கலாம், கலக்கத்தை ஒன்றும் செய்ய முடியாது.

பழகுவதற்குக் கரும்புள்ளி மீன்கொத்தியைப் பிடியுங்கள். அது பாயும் முன் தண்ணீருக்கு மேலே ஒரே இடத்தில் சிறகடித்து அந்தரத்தில் நிற்கும். குறிபார்க்க உங்களுக்கும் நேரம் கிடைக்கும். அடுத்தபடி கூழைக்கடா, பெரிய உடம்பு, நிதானமான பறப்பு. ஆலாவைக் கடைசிக்கு வையுங்கள்.

கொக்கு எடுத்தா வெள்ளைத் துண்டு மாதிரி வருது, இறகே தெரியல்ல.

கமரா சட்டத்துக்குள் உள்ள எல்லாவற்றையும் நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். பின்னால் கண்டல் இருட்டாக இருந்தால் மொத்தத்தையும் தூக்கிக் கொடுக்கும், அதில் கொக்கு வெந்து போகும். வெளிச்சத் திருத்தத்தை −0.7 அல்லது −1க்கு இறக்குங்கள். அதே கொக்கு வெயிலடிக்கும் வானத்தில் பறந்தால் கணக்கு தலைகீழ்; கமரா எல்லாவற்றையும் இருட்டாக்கும், +1 வரை ஏற்ற வேண்டிவரும். நீர்க்காகம் பிரகாசமான தண்ணீரில் நின்றாலும் ஏற்றத்தான் வேண்டும். கமரா சுருக்காமல் பதியும் ரோ கோப்பில் எடுத்தால் பிறகு திருத்த இடம் இருக்கும், ஆனால் முழுதாக வெளுத்துப்போன இறகை எதுவும் திருப்பித் தராது.

10 மணிக்கு எடுத்தா தூரத்துப் பறவை எல்லாம் நெளியுது. லென்ஸ் பழுதோ?

லென்ஸ் பழுதில்லை. சூடான மணலுக்கும் தண்ணீருக்கும் மேலே காற்று அலைந்துகொண்டிருக்கிறது. நீண்ட லென்ஸ் அந்த அலைவையும் சேர்த்துப் பெரிதாக்கும். விலை கூடிய லென்ஸிலும் இதுதான் நடக்கும். 9 மணிக்குப் பிறகு தூரத்தை விட்டுவிட்டு, கிட்ட நிற்பதை மட்டும் எடுங்கள், அல்லது சாப்பிடப் போங்கள்.

எல்லாக் கொக்கும் ஒண்டுதானே? பெயர் போடச் சொல்லிக் கேட்கினம்.

சொண்டையும் காலையும் பாருங்கள். சின்னக் கொக்குக்குக் கறுப்புச் சொண்டு, கறுப்புக் கால், ஆனால் பாதம் மஞ்சள். சேற்றில் காலை நடுக்கி மீனைக் கிளப்பும்போது அந்த மஞ்சள் தெரியும். பெரிய கொக்கின் வாய்க்கோடு கண்ணைத் தாண்டிப் பின்னால் போகும். நடுத்தரக் கொக்கில் அந்தக் கோடு கண்ணுக்குக் கீழே நின்றுவிடும், சொண்டும் கட்டை. உண்ணிக்கொக்கு மாட்டோடு திரியும், கழுத்து கட்டை, சொண்டு மஞ்சள். மடையான் இருக்கும்போது மண்ணிறம், பறந்தால் திடீரென்று வெள்ளைச் சிறகு.

கரையோர மணலில் ஓடித் திரியும் சின்னஞ்சிறு உப்புக்கொத்தி ஒன்றை முன்பு கென்டிஷ் உப்புக்கொத்தியின் ஒரு வகை என்று கணக்கு வைத்திருந்தார்கள். இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் முட்டையிடும் அந்தப் பறவையை 2023 இல் ஹனுமான் உப்புக்கொத்தி என்று தனி இனமாகப் பிரித்தார்கள். பழைய புத்தகத்தை வைத்துப் பெயர் போடுகிறவர்கள் இதைக் கவனியுங்கள்.

மீன் தலை, குடல் போட்டா கிட்ட வருமே?

வரும். முதலில் காகம் வரும், பிறகு பக்கத்து நாய்கள், அப்புறம் உடும்பு இனத்துக் கபரக்கொய்யன். காகம் பழகிவிட்டால் உங்கள் வளவைச் சுற்றி உள்ள எந்தக் கூட்டிலும் முட்டை மிஞ்சாது. போட்டு எடுத்த படத்தில் கொக்கு கோழிபோல் நிலத்தைப் பார்த்து நிற்கும்; அது மீன் பிடிக்கிற படம் உங்களுக்குக் கிடைக்கவே கிடைக்காது. சொல்லப்போனால் கரைவலைக்காரர் வலையை உதறும் இடம் ஏற்கனவே இருக்கிறது. அவர்கள் போன பிறகு அங்கே என்ன வருகிறது என்று பாருங்கள்.

வேறு ஒன்று செய்யலாம்: பறவை வந்து இருக்க ஒரு காய்ந்த கம்பைத் தண்ணீரில் நட்டு வையுங்கள். வெளிச்சம் சரியாக விழும் இடத்தில், பின்புறம் தூரமாக இருக்கும்படி. மீன்கொத்திக்கு அது போதும்.

ஆட்காட்டி மணலில முட்டை இட்டிருக்கு. ஒரே ஒரு படம் எடுக்கட்டா?

வேண்டாம். ஆட்காட்டியும் ஆலாவும் உப்புக்கொத்தியும் வெறும் நிலத்தில் முட்டையிடும். தாய் எழும்பினால் வெயிலில் முட்டை சூடேறச் சில நிமிடங்கள் போதும், குஞ்சு உள்ளேயே செத்துவிடும். நீங்கள் போய் நிற்பதைக் காகமும் பார்த்துக்கொண்டிருக்கும். உங்கள் காலடி நாய்க்கு வழி காட்டும். ஆட்காட்டி தலைக்கு மேலே கத்திக்கொண்டு சுற்றினால் நீங்கள் ஏற்கனவே கூடுதலாகக் கிட்டப் போய்விட்டீர்கள், வந்த வழியே திரும்புங்கள்.

முன்பு சொன்ன ஒரே கதிரை முறையில் வீட்டு யன்னலில் இருந்து, தாய் எழும்பாத தூரத்தில் எடுக்க முடிந்தால் எடுங்கள். குஞ்சு பொரித்து எல்லாம் நகர்ந்து போகும்வரை அந்தப் படத்தையும் இடத்தையும் முகநூலில் போடாதீர்கள். முட்டையை எடுப்பது, கூட்டை அழிப்பது சட்டப்படி குற்றம். 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் பலமுறை திருத்தப்பட்டு இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

வள்ளத்தில போய் எடுத்தா இன்னும் கிட்டப் போகலாமே?

எஞ்சினை அணைத்துத் தடியால் தள்ளி, பறவைக்கு நேரே போகாமல் சரிவாகப் போனால் போகலாம். ஆனால் ஒரு தரம் வள்ளத்தால் கலைத்துவிட்டால் வாசலில் மாதக்கணக்காகச் சேர்த்த பழக்கம் குறைந்துவிடும். உங்கள் வாசலுக்கு முன்னால் உள்ள தண்ணீரில் அதைச் செய்யாதீர்கள், வேறு இடத்தில் செய்யுங்கள். நிலாவெளிக்கு எதிரே கடலில் உள்ள புறா மலைத் தீவு 2003 முதல் தேசியப் பூங்கா. அங்கே போவதற்கு நுழைவுச்சீட்டும் தனி விதிகளும் உண்டு.

நேவிக்காரர் பார்த்தா பிடிப்பாங்களா? ட்ரோன் விடலாமா?

உங்கள் வளவில் இருந்து கொக்கைப் படம் எடுப்பதில் ஒரு பிரச்சினையும் இல்லை. ஆனால் இது திருகோணமலை. துறைமுகத்தில் கடற்படையின் கிழக்குத் தலைமையகம், சீனன்குடாவில் விமானப்படைத் தளம். கப்பல், இறங்குதுறை, காவலரண், ராடர் எதுவும் சட்டத்துக்குள் வராத பக்கமாக லென்ஸைத் திருப்புங்கள். யாராவது வந்து கேட்டால் வாக்குவாதம் வேண்டாம். கமராத் திரையைக் காட்டி, எடுத்தவற்றை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டுங்கள். பத்துக் கொக்கைப் பார்த்தால் யாருக்கும் அலுத்துவிடும்.

ட்ரோனை மறந்துவிடுங்கள். சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் பதிவும் விதிகளும் ஒருபுறம், இரண்டு படைத்தளங்கள் இன்னொருபுறம். எல்லாம் கிடைத்தாலும், மேலே ஒன்று சுற்றினால் நீர்ப்பறவைகளுக்கு அது கழுகுதான். மொத்தக் கூட்டமும் எழும்பிவிடும்.

எதிர்க்கரையில ஆக்கள் குளிக்கிறாங்க நானா. லென்ஸைத் திருப்பினா சண்டை வந்திடுமோ?

வரும், நியாயமாகவே வரும். அவ்வளவு நீளமான லென்ஸ் எதைப் பார்க்கிறது என்று அந்தப் பக்கத்தில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? பெண்கள் தண்ணீருக்கு வரும் நேரத்தில் கமராவை வெளியே எடுக்காதீர்கள், நல்ல பறவை வந்து நின்றாலும் சரி. மற்ற நேரத்திலும் அக்கம்பக்கத்தாருக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். எடுத்த படங்களைப் பெரிதாக்கிப் பள்ளிவாசலடியிலோ கோயிலடியிலோ கடையிலோ இருப்பவர்களிடம் காட்டுங்கள். பிள்ளைகளுக்கு முதலில் காட்டுங்கள். பிறகு அவர்களே வந்து, "அங்க ஒண்டு நிற்குது, ஓடி வாங்க" என்று கூப்பிடுவார்கள். என்னுடைய நல்ல படங்களில் சில அப்படிக் கூப்பிட்டவர்களால் வந்தவை.

உப்புக் காத்தில கமரா எவ்வளவு நாள் தாங்கும்?

துடைத்தால் தாங்கும். ஒவ்வொரு நாளும் நல்ல தண்ணீரில் நனைத்து இறுக்கிப் பிழிந்த துணியால் உடலைத் துடைத்து, பிறகு காய்ந்த துணியால் துடையுங்கள். லென்ஸ் கண்ணாடியில் முதலில் ஊதி மணலைப் போக்காமல் துணி வைக்காதீர்கள். உப்பைவிடப் பொல்லாதது பூஞ்சணம். மாரி காலத்தில் அலுமாரிக்குள் தோல் பையில் வைத்த லென்ஸில் வெள்ளைக் கோடு படரும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லும் போதும். ஜெல் நிறம் மாறினால் சூடாக்கி உலர்த்தித் திரும்பப் போடலாம். அரிசிக்குள் புதைத்து வைக்கும் வைத்தியம் வேண்டாம், தூசுதான் உள்ளே போகும்.

ஏசி அறையில் இருந்து நேரே வெளியே கொண்டுவந்தால் லென்ஸ் வேர்க்கும். ஒரு பைக்குள் கட்டி அரை மணித்தியாலம் விறாந்தையில் வைத்துவிட்டுத் திறவுங்கள்.

நீர்க்காகத்துக்குக் கண்ணி வைக்கிறாங்க. என்ர படத்தில ஆளும் விழுந்திட்டார். போடட்டா?

முகநூலில் போடாதீர்கள். ஊருக்குள் பகைதான் வரும், பறவைக்கு ஒன்றும் நடக்காது. படத்தைத் திருத்தாமல், திகதியும் நேரமும் மாறாமல் அப்படியே வைத்துக்கொண்டு வனசீவராசிகள் திணைக்களத்துக்கோ பொலிஸுக்கோ கொடுங்கள். நேரே போய்ச் சண்டை பிடிக்க வேண்டாம். இறால் பண்ணைக்காரரோ மீன் வளர்ப்பவரோ நட்டம் தாங்காமல் செய்தார் என்றால் அவரோடு வேறு விதமாகப் பேசலாம். குளத்துக்கு மேலே வலை கட்டினால் இரண்டு பக்கமும் தப்பும். சாப்பிடுவதற்கோ விற்பதற்கோ வைக்கிறவரிடம் அந்தப் பேச்சு எடுபடாது.

ஒரு கடற்காகத்தின்ர காலில வளையம் தெரியுது. அது ஆருடையது?

ஆராய்ச்சிக்காரர் போட்டது. விடாமல் எடுங்கள், படம் அழகாக வராவிட்டாலும் பரவாயில்லை. இரண்டு காலும் தெரிய வேண்டும். வளையத்தில் எழுத்து, இலக்கம் இருந்தால் அது. நிற வளையங்கள் என்றால் மேலிருந்து கீழாக எந்த ஒழுங்கு, பறவையின் இடது காலா வலது காலா என்பது. இடம், திகதி, நேரத்தை எழுதிவையுங்கள். கொழும்புப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து 1976 முதல் இயங்கும் இலங்கைக் களப் பறவையியல் குழுவுக்கு அனுப்பினால் அவர்கள் வழி சொல்வார்கள்.

2021 இல் மன்னாரில் ஜிபிஎஸ் கருவி பொருத்தி விட்ட ஒரு கடற்காகம் ரஷ்யாவின் வட துருவப் பகுதியில் உள்ள யமால் வரை போனது அந்தக் கருவியால்தான் தெரியவந்தது. முதுகில் சின்னக் கம்பி நீட்டிக்கொண்டிருந்தால் அது காயம் அல்ல, அந்தக் கருவிதான். பிடித்துக் கழற்றப் பார்க்காதீர்கள். பதில் வரத் தாமதமானால் அதற்குள் அதே பறவை திரும்ப வந்த நாட்களையும் குறித்துவையுங்கள், அதையும் கேட்பார்கள்.